சக்கரம் ஒண்ணு, குழந்தைங்க முப்பது: மண்பாண்டம் செஞ்சு காட்டப் போறவங்களுக்கு

கேள்வி இதுதான்: ரெண்டு மூணு வருஷமா சக்கரத்துல வனைஞ்சு பழகிருக்கீங்க, ஒரு ஸ்கூல்ல கூப்பிட்டு 6ல இருந்து 10 வயசு வரைக்கும் இருக்குற முப்பது பிள்ளைங்களுக்கு ஒரு மணி நேரம் நேர்ல செஞ்சு காட்டச் சொல்லிருக்காங்க, கையில இருக்குறது ஒரே ஒரு எலக்ட்ரிக் சக்கரம், பெரிய ஜாடி ஒண்ணு வனைஞ்சு அசத்திடலாமான்னு யோசிக்கிறீங்க, கூடவே பயமாவும் இருக்கு, என்னென்ன கவனிக்கணும்னு கேட்டிருக்கீங்க.

முதல்ல அந்தப் பெரிய ஜாடியை விட்டுருங்க. உண்மையாவே சொல்றேன். மூணு நாலு கிலோ மண்ணை வச்சு ஜாடி வனையுறதுக்கு எப்படியும் இருபது நிமிஷம் ஆகும், அதுல முதல் அஞ்சு நிமிஷம் நீங்க மண்ணை நடுவுக்குக் கொண்டு வர மல்லுக்கட்டிட்டு இருப்பீங்க, வனையத் தெரிஞ்சவங்களுக்கு அது எவ்ளோ கஷ்டம்னு புரியும், ஆறு வயசுக் குழந்தைக்கு ஒருத்தர் ஒரு மண்ணாங்கட்டியைக் கட்டிப் பிடிச்சுட்டு சும்மா உக்காந்திருக்கிற மாதிரி தான் தெரியும். அப்புறம் சுவர் ஏத்துறப்போ ஒவ்வொரு தடவையும் ஒரு இன்ச் ஏறும், அதுக்குள்ள பின்னாடி வரிசைல ரெண்டு பேர் ஷூ லேஸை அவுத்து விளையாட ஆரம்பிச்சிருப்பாங்க. குழந்தைங்க உங்க திறமையைப் பாக்க வரல. மண்ணு ஒண்ணுல இருந்து இன்னொண்ணா மாறுது பாருங்க, அதைத்தான் பாக்குறாங்க. அந்த மாற்றம் எவ்ளோ அடிக்கடி நடக்குதோ அவ்ளோ நேரம் கண்ணை எடுக்க மாட்டாங்க. அதே இருபது நிமிஷத்துல சின்னச் சின்னதா ஏழெட்டு உருவம் எடுத்து, ரெண்டை அறுத்து, ஒண்ணை வேணும்னே சாய விட்டா கூட்டம் உங்க கையில.

இதுக்குச் சரியான வழி, ஒவ்வொரு உருண்டையா தட்டுல ஒட்டி ஒட்டி வனையாம, ஒரே பெரிய கட்டியா மண்ணை வச்சு அதோட உச்சியில இருந்து மட்டும் ஒண்ணொண்ணா எடுக்குறது. பழைய கை சுத்துற சக்கரத்துல வனையுறவங்க பெரும்பாலும் இப்படித்தான் பண்ணுவாங்க. மொத்தக் கட்டியையும் கச்சிதமா நடுவாக்கணும்னு இல்ல, மேல ஒரு கைப்பிடி அளவு சுத்தமா ஓடினா போதும், அதுல ஒரு அகல் விளக்கு, நூலைச் சுத்தி அறுத்து எடு, அடுத்தது ஒரு கிண்ணம், அறு, அடுத்தது வாய் குறுகின குட்டிக் கலயம், அப்புறம் ஒரு மூடி. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. இதுல ஒரே ஒரு குறை, அடிப்பாகத்தை நல்லா அழுத்தி விட வசதி இருக்காது, அதனால காயுறப்போ அடியில ஆங்கில எழுத்து எஸ் மாதிரி வளைஞ்சு வெடிப்பு விழும், ஆனா டெமோல எடுக்குறதை நீங்க சுடப் போறதில்லையே, அதனால கவலை வேண்டாம். ஒண்ணு ரெண்டைச் சுட்டு ஸ்கூலுக்குக் கொடுக்கணும்னு தோணுச்சுன்னா மட்டும் அடியைக் கட்டை விரலால நல்லா அமுக்கி விட்டுட்டு எடுங்க.

மண்ணைப் பத்தி. வீட்ல வனையுறதை விட கொஞ்சம் இளக்கமா வச்சுக்கோங்க, காது மடலைத் தொட்டுப் பாத்தா எப்படி இருக்குமோ அந்தப் பதம். கூட்டத்துக்கு முன்னாடி உக்காந்தா கை தானா இறுகும், மண்ணும் கெட்டியா இருந்துட்டா தோள் போயிரும். முந்தின நாளே பிசைஞ்சு காத்தை எல்லாம் வெளியேத்தி ஈரத்துணி சுத்தி டப்பால போட்டு மூடிருங்க, ஆனா ஒரே ஒரு உருண்டையை மட்டும் பிசையாம தனியா கொண்டு போங்க, அதைப் பிள்ளைங்க முன்னாடி முதல்ல நடுவுல கம்பியால அறுத்து உள்ள இருக்குற காத்துக் குழிகளைக் காட்டுங்க, அப்புறம் நல்லா பிசைஞ்சு மறுபடி அறுத்தா அந்தக் குழி காணாம போயிருக்கும். மொத்தமே ஒரு நிமிஷம் தான், பிசையுறது எதுக்குன்னு வாயால ஒரு வார்த்தை விளக்க வேண்டியதில்ல. கையால செய்யுறதுக்கு ஒரு குழந்தைக்கு 250 கிராம் கணக்கு போடுங்க, முப்பது பேருக்கு ஏழரைக் கிலோ, கூட ரெண்டரைக் கிலோ சேத்து பத்து கிலோவா எடுத்துட்டுப் போங்க, ஏன்னா கண்டிப்பா நாலஞ்சு பேர் "இன்னொண்ணு பண்ணட்டுமா"ன்னு வருவாங்க, டீச்சர்களும் வருவாங்க, அவங்க தான் இன்னும் ஆர்வமா கேப்பாங்க.

இடத்தைப் போய் முன்னாடியே பாத்துருங்க, இதை யாரும் பெருசா எடுத்துக்கிறதில்ல. குழந்தைங்க தரையில உக்காந்தா அவங்களுக்குச் சக்கரத்தோட பக்கவாட்டு மட்டும் தான் தெரியும், பானைக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது, ஆனா வேடிக்கையே உள்ள தான் நடக்குது, கட்டை விரல் மண்ணுக்குள்ள இறங்குறதும் குழி அகலமாகுறதும் தான் எல்லாரும் வாயைப் பொளந்து பாக்குற கட்டம். அதனால சக்கரத்துக்குப் பின்னாடி கொஞ்சம் உயரத்துல ஒரு கண்ணாடியைப் பிள்ளைங்க பக்கமா சாய்ச்சு வைங்க, 45 டிகிரி சுமாரா, நீங்களே தரையில உக்காந்து பாத்து சாய்வைச் சரி பண்ணுங்க. ப்ரொஜெக்டர் இருந்தா ஃபோனை மேல இருந்து மாட்டி ஸ்கிரீன்ல காட்டலாம், ஆனா அப்படிக் காட்டினா பிள்ளைங்க உங்களை விட்டுட்டு ஸ்கிரீனையே பாப்பாங்க, எனக்கு அது பிடிக்காது, கண்ணாடி தான் என் ஓட்டு. அரைவட்டமா ரெண்டு வரிசை, குட்டிப் பிள்ளைங்க முன்னாடி தரையில, பெரியவங்க பின்னாடி பெஞ்ச்ல. முன் வரிசைக்கும் சக்கரத்துக்கும் நடுவுல ஒன்றரை மீட்டராவது விடுங்க, தரையில ஒரு டேப் ஒட்டி இதைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லிருங்க, சேத்துத் தண்ணி தெறிக்கும்ங்கறது ஒண்ணு, கரண்ட் வயர் இன்னொண்ணு.

வயர் விஷயத்துல விளையாடாதீங்க. தண்ணியும் கரண்டும் ஒரே இடத்துல. ப்ளக் பாயின்ட் தரையில கெடக்குற எக்ஸ்டென்ஷன் பாக்ஸா இருக்கக் கூடாது, உயரமா சுவத்துல இருக்கணும், கரண்ட் கசிஞ்சா தானா கட் ஆகுற பிரேக்கர் இருக்கான்னு கேட்டுக்கோங்க. பெடல் உங்க காலுக்கு அடியிலயே இருக்கட்டும், எந்திரிச்சுப் போறப்போ ஸ்விட்சையே அணைச்சுட்டுப் போங்க. ஊசியும் அறுக்குற கம்பியும் உங்க மடியில இருக்குற ஏப்ரன் பையில, மேஜை மேல இல்ல. மோதிரம், வளையல், தொங்குற துணி, விரிச்ச முடி எதுவும் சக்கரம் பக்கம் வரக் கூடாது, உங்களுக்கும் சேத்துத் தான்.

சரி, ஆரம்பிக்கிறது. உங்க பேரு, நான் என்ன படிச்சேன், மண்பாண்டக் கலையின் சிறப்புன்னு பேச்சு வேண்டாமே. போன உடனே ஆளுக்கு ஒரு நெல்லிக்காய் அளவு மண்ணைக் கையில கொடுத்துருங்க. நீங்க பேசுறப்போ, வனையுறப்போ எல்லாம் அவங்க அதை உருட்டிட்டே இருக்கட்டும். கை சும்மா இருந்தா தான் வாய் பேசும், பக்கத்துப் பையனைக் கிள்ளும். சில டீச்சர்ஸ் "அதைக் கீழ வை, மிஸ் சொல்றதைக் கவனி"ம்பாங்க, முன்னாடியே அவங்ககிட்ட தனியா சொல்லி வச்சிருங்க, இது வேணும்னே கொடுத்தது, புடுங்காதீங்கன்னு. மண்ணு கைக்குப் போன ரெண்டாவது நிமிஷமே ஒரு பையன் அதை நீளமா உருட்டி எல்லாருக்கும் தூக்கிக் காட்டி இது என்னன்னு தெரியுதான்னு கேப்பான், எந்த ஊர் எந்த நாடா இருந்தாலும் இது நடக்கும், நீங்க முகத்தை மாத்தாம "அருமை, இதே மாதிரி நீளமா திரிச்சு வளையம் வளையமா அடுக்கித் தான் சக்கரமே இல்லாத காலத்துல பெரிய பெரிய பானை கட்டினாங்க"ன்னு சொல்லிட்டு நகந்துருங்க. அது பொய்யும் இல்ல. சீனாவுல சியான்ரென்தோங் குகையில கிடைச்ச பானை ஓடுகளுக்கு வயசு சுமார் 20,000 வருஷம், சக்கரம் வந்து சுமார் 6,000 வருஷம் தான் இருக்கும், அதுக்கு முன்னாடி இருந்த அத்தனை காலமும் வெறும் கை தான்.

சக்கரத்துல உக்காந்ததும், நடுவாக்குற வரைக்கும் பேசாதீங்க. ரெண்டையும் ஒண்ணா பண்ண முயற்சி பண்ணினா பேச்சும் தடுமாறும், மண்ணும் தள்ளாடும். அதுக்குப் பதிலா அதையே விளையாட்டா மாத்திருங்க. மண்ணை வச்சு சக்கரத்தை ஓட விட்டு, ஒரு ஐஸ் குச்சியை அசையாம பிடிச்சு மெதுவா மண்ணு கிட்ட கொண்டு போங்க. மண்ணு நடுவுல இல்லைன்னா குச்சி ஒரு பக்கம் மட்டும் கீறும், நிறுத்திக் காட்டினா பாதிக்குத் தான் கோடு இருக்கும். "கோடு முழுசா சுத்தி வந்துச்சுன்னா மண்ணு நடுவுக்கு வந்துருச்சுன்னு அர்த்தம், வந்ததும் நீங்க எல்லாரும் நிறுத்துன்னு கத்தணும்." இவ்ளோ தான். அப்புறம் முழங்கையைத் தொடையில ஊனி, இடது உள்ளங்கையால பக்கத்துல இருந்தும் வலது கையால மேல இருந்தும் அமுக்கி நடுவாக்குங்க, நடு நடுவுல குச்சியை வச்சுக் காட்டுங்க. முக்கால் கோடு வரைக்கும் வந்ததும் கத்த ஆரம்பிச்சிருவாங்க, இல்ல இன்னும் இல்லன்னு நீங்க தலையாட்டணும். சும்மா பாத்தா போரடிக்கிற கட்டம் இப்ப அவங்களே நடத்துற கட்டம் ஆயிருச்சு. நடுவுக்கு வந்ததுக்கு அப்புறம் சக்கரம் ஓடுதா நிக்குதான்னே தெரியாத மாதிரி மண்ணு அமைதியா தெரியும், அப்ப அதுல ஒரு சொட்டு கலர் மண்ணு வச்சா படக்குன்னு கோடா மாறும், அதையும் காட்டுங்க.

அடுத்து எது பண்றதா இருந்தாலும் முதல்ல கேளுங்க: "இப்ப நான் கட்டை விரலை இங்க அமுக்கினா என்ன ஆகும்?" அவங்க சொல்லட்டும், அப்புறம் அமுக்குங்க. "வெளியில இருந்து ரெண்டு கையால கழுத்தை நெரிச்சா?" "உள்ள இருந்து தள்ளினா?" "சக்கரத்தை ரொம்ப வேகமா விட்டா?" இந்தக் கடைசி கேள்விக்கு மட்டும் ஒரு அகலமான மெல்லிசு கிண்ணத்தைத் தயாரா வச்சுக்கோங்க, வேகத்தைக் கூட்டக் கூட்ட விளிம்பு வெளிப்பக்கமா விரிஞ்சு, அலை அலையா நெளிஞ்சு, சட்டுன்னு மடங்கி விழும். அப்ப வர்ற கூச்சல் நீங்க எவ்ளோ அழகான ஜாடி வனைஞ்சாலும் வராது. இளக்கமான மண்ணு தெறிக்கும்ங்கறதால இதை ஏப்ரனோட, மிதமான வேகத்துல இருந்து படிப்படியா ஏத்தி பண்ணுங்க, ஒரேயடியா பெடலை மிதிக்காதீங்க.

அப்புறம் ஒரு கிண்ணத்தை நல்லா வனைஞ்சு முடிச்சு, எல்லாரும் ஆகா ஓகோன்னு பாத்துட்டு இருக்குறப்போ கம்பியை எடுத்து நெட்டுக்குத்தா ரெண்டாப் பொளந்துருங்க. "ஐயோ"ன்னு ஒரு சத்தம் வரும். அந்த ரெண்டு பாதியையும் ஆளுக்கு ஆள் கை மாத்தி விடுங்க, அடிப்பக்கம் எவ்ளோ கனம், மேல போகப் போக எப்படி மெலியுது, விளிம்பு ஏன் கொஞ்சம் உருண்டையா விட்டிருக்குன்னு அவங்களே தடவிப் பாப்பாங்க. வனையக் கத்துக்குறவங்களே இப்படி அறுத்துப் பாத்துத்தான் கத்துக்குறாங்க, குழந்தைக்கும் அதே தான். உடைக்கிறது மேல உங்களுக்கு மனசு வரலைன்னா ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, வனைஞ்சது வீணாகலாம், ஈர மண்ணு எப்பவும் வீணாகாதுன்னு சொல்லிட்டே அந்த ரெண்டு பாதியையும் சேத்து உருட்டிக் காட்டினா, தன்னோட கையில இருக்குறது சரியா வரலைன்னு அழப் போற குழந்தைக்கு முன்னாடியே தைரியம் வந்துரும்.

இப்ப எல்லாரும் கேக்குற கேள்வி: "நாங்க சக்கரத்துல உக்காரலாமா?" கணக்கு போட்டுப் பாருங்க, ஆளுக்கு ரெண்டு நிமிஷம்னா கூட முப்பது பேருக்கு ஒரு மணி நேரம், 29 பேர் வரிசைல நின்னு சண்டை போடுவாங்க. முடியாதுன்னு தெளிவா சொல்லிருங்க, அதுக்குப் பதிலா இதைப் பண்ணுங்க. ஒரு தட்டையான பெரிய தட்டு மாதிரி வனைஞ்சு, சக்கரத்தை மெதுவா ஓட விட்டு, பிரஷ்ல வெள்ளை மண் குழம்போ செம்மண் குழம்போ தொட்டு ஒவ்வொரு குழந்தை கையிலயும் கொடுங்க, அசையாம வச்சாலே ஒரு வளையம் விழும், நடுவுல இருந்து வெளிய மெதுவா இழுத்தா சுருள் விழும். ஆளுக்குப் பத்து செகண்ட், மொத்தம் அஞ்சு நிமிஷத்துல முப்பது பேரும் சக்கரத்துல கை வச்சாச்சு. தட்டு மேல இடம் இல்லாம போனா ஒரு ரப்பர் துண்டால வழிச்சு விட்டுட்டுத் தொடருங்க. எட்டுப் பேருக்குக் குறைவான குரூப்பா இருந்தா மட்டும் உண்மையா உக்கார வைக்கலாம், அப்பவும் நடுவாக்குறதும் குழி போடுறதும் நீங்க பண்ணி, சுவரை மேல ஏத்துற அந்த ஒரு வேலையை மட்டும் அவங்ககிட்ட விடுங்க. இன்னொரு விஷயம், குழந்தையோட கை மேல உங்க கையை வச்சு அமுக்குறதுக்கு முன்னாடி "நான் பிடிச்சுக்கட்டுமா?"ன்னு கேளுங்க, சிலருக்கு அது பிடிக்காது, வேண்டாம்னா பக்கத்துல இன்னொரு மண்ணுல நீங்க செஞ்சு காட்டினா போதும்.

கையால செய்யுற பகுதிக்கு பாதி நேரத்தை ஒதுக்குங்க, குறைஞ்சது இருபத்தஞ்சு நிமிஷம். மண்ணைத் தொடுறதுக்கு முன்னாடியே ஆளுக்கு ஒரு அட்டைத் துண்டு, அதுல பேரு எழுதிருங்க, அப்புறம் உருண்டையோட அடியில பல்குச்சியால முதல் எழுத்தைக் கீறச் சொல்லுங்க. கடைசியில பண்ணிக்கலாம்னு விட்டீங்கன்னா காஞ்சதுக்கு அப்புறம் முப்பது குழிக்கிண்ணத்துல எது யாருதுன்னு கடவுளுக்குத் தான் தெரியும்.

குழிக்கிண்ணம் தான் இந்த வயசுக்கு ரொம்பச் சரி. உள்ளங்கைக்குள்ள அடங்குற உருண்டை, கட்டை விரலை நடுவுல இறக்கணும், அடியில ஒரு விரல் தடிமன் மிச்சம் இருக்குறப்போ நிறுத்தணும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சுத்திச் சுத்திக் கிள்ளிக்கிட்டே வரணும். கிள்ளு, திருப்பு, கிள்ளு, திருப்பு. எல்லாரும் விளிம்பை மட்டும் கிள்ளிக் கிள்ளித் தட்டு மாதிரி விரிச்சிருவாங்க, அதனால "முதல்ல அடி, கடைசியில தான் வாய்"ன்னு திரும்பத் திரும்பச் சொல்லுங்க, விரிஞ்சுட்டா ரெண்டு கையாலயும் குவிச்சு உள்பக்கமா அணைச்சு விடலாம்.

மேஜை மேல தண்ணிக் கிண்ணம் வைக்கவே கூடாது. இதை நீங்க வேற எது மறந்தாலும் மறக்காதீங்க. நீங்க சக்கரத்துல தண்ணி ஊத்தி ஊத்தி வனையுறதைப் பாத்திருக்காங்க, மண்ணுன்னாலே தண்ணி தான்னு மனசுல பதிஞ்சிருக்கும், கிண்ணம் கண்ணுல பட்டா மொத்தக் கையையும் முக்கி எடுப்பாங்க, அஞ்சு நிமிஷத்துல கையில இருக்குறது கிண்ணம் இல்ல, கஞ்சி. ஒவ்வொரு மேஜைக்கும் பிழிஞ்ச ஈர ஸ்பான்ஜ் ஒண்ணு வைங்க, விளிம்புல வெடிப்பு தெரிஞ்சா அதுல விரலைத் தொட்டுத் தடவிக்கிட்டா போதும்.

காது, கால், வால், கைப்பிடின்னு ஒட்ட ஆரம்பிப்பாங்க. வெறுமன அமுக்கி வச்சா ஈரமா இருக்குற வரைக்கும் ஒட்டிட்டு இருக்கும், காஞ்சதும் தனியா கழண்டு விழும், ஏன்னா மண்ணு காயுறப்போ சுருங்குது, ஒட்டினது ஒரு வேகத்துல, உடம்பு ஒரு வேகத்துல. ரெண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமா கீறி, நடுவுல மண் குழம்பு தடவி, அமுக்கி, சுத்திலும் மண்ணை இழுத்துத் தேய்ச்சு விடணும். அதை விட நல்லது ஒட்டாமலே இருக்குறது, கிண்ணத்து விளிம்புலயே ரெண்டு இடத்துல மண்ணை இழுத்துக் கிள்ளி விட்டா பூனைக் காது வந்துரும், மூணாவது இடத்துல இழுத்தா வாலு. இப்படி வந்தது எந்தக் காலத்துலயும் கழண்டு விழாது. குச்சி குச்சியா நாலு கால் வச்சு அதுக்கு மேல தடி உடம்பு நிக்கணும்னு ஒரு குழந்தை போராடும், படுத்துத் தூங்குற மாடுன்னு சொல்லிப் பாருங்க, பெரும்பாலும் ஒத்துக்கும்.

தொடவே மாட்டேன்னு ஒண்ணு ரெண்டு பேர் கையைப் பின்னாடி கட்டிட்டு நிப்பாங்க. சிலருக்கு அந்த வழுவழுப்பே தாங்காது. கட்டாயப்படுத்தாதீங்க, மண்ணை ஒரு கவருக்குள்ள போட்டு வெளியில இருந்து அமுக்கச் சொல்லுங்க, இல்லைன்னா தட்டிப் பரப்பின துண்டுல குச்சியால படம் கீறச் சொல்லுங்க. கையில காயம் இருந்தா பிளாஸ்டர் போட்டு மேல கையுறை. இதெல்லாத்தையும் விட பெரிய தொல்லை பெரியவங்க தான், குழந்தை செஞ்சதை வாங்கி "இப்படி இல்லம்மா, இங்க கொடு"ன்னு அழகு பண்ணிக் கொடுப்பாங்க. அவங்க கையில தனியா ஒரு உருண்டையைக் கொடுத்து உக்கார வச்சிருங்க. பிரச்சினை தீந்துச்சு.

கையால செஞ்சிட்டு இருக்குறப்போ நடுவுல ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்தி இந்தத் தண்ணி சோதனையைக் காட்டுங்க, எனக்கு இதுல இருக்குற சந்தோஷம் வனையுறதுல கூட இல்ல. மூணு கண்ணாடி டம்ளர்ல தண்ணி. ஒண்ணுல இப்ப செஞ்ச ஈர மண்ணு உருண்டை, இன்னொண்ணுல அதே அளவுல நல்லா காஞ்ச உருண்டை, மூணாவதுல சுட்ட உருண்டை. போடுறதுக்கு முன்னாடி எது கரையும்னு கை தூக்கச் சொல்லுங்க. பாதிக்கு மேல "ஈர மண்ணு"ன்னு தான் சொல்லுவாங்க, ஏற்கனவே கொழகொழன்னு இருக்கே, அது தானே கரையணும்னு. போட்டா ஈர உருண்டை அப்படியே கிடக்கும். காஞ்சது தான் சின்னச் சின்னக் குமிழியா விட்டு, மேல் தோல் செதில் செதிலா உதிர்ந்து, கொஞ்ச நேரத்துல அடியில ஒரு குவியலா போயிரும், அதைப் பாக்குறப்போ ஒருத்தரும் பேச மாட்டாங்க. காரணம் என்னன்னா, காஞ்ச மண்ணுல துகளுக்கு நடுவுல காத்து தான் இருக்கு, தண்ணி வேகமா உள்ள புகுந்து அந்தக் காத்தைத் தள்ளுது, அது வெளிய வர்றப்போ துகள் எல்லாம் பிரிஞ்சு போகுது. ஈர மண்ணுல ஏற்கனவே அந்த இடத்துல தண்ணி உக்காந்திருக்கு, புதுசா நுழைய வழி இல்ல. சுட்டதுலயும் குமிழி வரும், ஆனா அசையாது, ஏன்னா 450ல இருந்து 600 டிகிரி செல்சியஸ் சூட்டுக்குள்ள களிமண்ணோட அமைப்புக்குள்ளயே பிணைஞ்சிருந்த தண்ணியும் வெளிய போயிருது, அதுக்கப்புறம் அது திரும்பக் களிமண்ணா ஆகாது. சின்னப் பிள்ளைங்களுக்கு இந்த டிகிரி கணக்கு வேண்டாம், "நெருப்புக்கு முன்னாடி மண்ணு மனசு மாத்திக்கலாம், அப்புறம் முடியாது"ன்னா போதும், பத்து வயசுக்காரங்க மட்டும் எத்தனை டிகிரின்னு கேப்பாங்க.

கூடவே மூணு பட்டைத் துண்டு கொண்டு போங்க. மூணும் ஈரமா இருக்குறப்போ சரியா 10 சென்டிமீட்டர் கோடு கீறி, ஒண்ணைக் காய வச்சு, ஒண்ணைச் சுட்டு, ஒண்ணை அன்னைக்குக் காலையில புதுசா கீறி கவர்ல சுத்தி எடுத்துட்டுப் போனா, ஸ்கேல் வச்சு அவங்களே அளப்பாங்க. எவ்ளோ சுருங்கும்ங்கறது மண்ணைப் பொறுத்தது, சுட்ட கோடு 9 சென்டிமீட்டர் பக்கம் வந்து நிக்கிறது சாதாரணமா நடக்குறது தான். சாம்பல் கலர்ல இருந்தது சுட்டதும் செவப்பானதையும் கேப்பாங்க, மண்ணுல இருக்குற இரும்பு, சூட்டுல காத்தோட சேந்து துரு நிறத்துக்கு வருதுன்னு சொல்லலாம்.

நேரம் மிச்சம் இருந்தா ஒரு கதை. செக் நாட்டுல டோல்னி வெஸ்டோனிசேன்னு ஒரு இடத்துல 1925ல ஒரு சின்னப் பெண் சிலை கிடைச்சுது, 11 சென்டிமீட்டர் உயரம், சுட்ட மண்ணு, வயசு 25,000 வருஷத்துக்கு மேல. அதோட முதுகுப் பக்கம் ஒரு விரல் ரேகை பதிஞ்சிருக்கு, ஆராய்ச்சி பண்ணினவங்க அது 7ல இருந்து 15 வயசுக்குள்ள இருக்குற ஒரு குழந்தையோடதுன்னு கணிச்சிருக்காங்க. செஞ்சது அந்தக் குழந்தை இல்லையாம், சுடுறதுக்கு முன்னாடி தொட்டிருக்கு, அவ்ளோ தான். இதைச் சொன்ன உடனே எல்லாரும் அவங்கவங்க கிண்ணத்தைத் திருப்பி அடியில கட்டை விரலை அமுக்குவாங்க, பேரு கீறின எழுத்து மேலயே அமுக்கிருவாங்க, அதனால "எழுத்துக்குப் பக்கத்துல"ன்னு சொல்ல மறக்காதீங்க.

செஞ்சதை என்ன பண்ணப் போறீங்கன்னு போறதுக்கு முன்னாடியே ஸ்கூல்ல பேசி முடிவு பண்ணிருங்க. ஒண்ணு, நீங்களே எடுத்துட்டுப் போய் சுட்டுக் கொடுக்குறது. இல்ல, ஈரமாவே வீட்டுக்குக் கொடுத்து விடுறது, அப்படின்னா அதுல தண்ணி ஊத்தக் கூடாது, ஊத்தினா டம்ளர்ல நடந்தது தான் நடக்கும்னு சொல்லி அனுப்புங்க. சுடுறதா இருந்தா ஒரு வாரத்துக்குக் குறையாம நிழல்ல காயட்டும், மழைக்காலம்னா ரெண்டு வாரம். காஞ்சுருச்சான்னு பாக்க கன்னத்துல வச்சுப் பாருங்க, ஜில்லுன்னு இருந்தா உள்ள இன்னும் ஈரம் இருக்கு. காத்துக் குமிழி இருந்தா சூளையில வெடிக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க, வெடிக்கிறது பெரும்பாலும் காத்தால இல்ல, உள்ள மாட்டின ஈரத்தால. தண்ணி ஆவியாகுறப்போ 1,600 மடங்குக்கு மேல விரியும், கனமான மண்ணுல அது வெளிய வர வழி கிடைக்கலைன்னா தெறிச்சிரும். அதனால கெட்டி உருண்டையா செஞ்ச யானை, ஆமை எல்லாத்தையும் அடியில இருந்து குடைஞ்சு விடுங்க, குறைஞ்சது குச்சியால ஆழமா ஒரு ஓட்டை, அப்புறம் சூளையை 100 டிகிரிக்குக் கீழயே பல மணி நேரம் வச்சிருந்து அப்புறமா ஏத்துங்க. அப்படியும் ஒண்ணு ரெண்டு போகலாம், ஆசிரியர்கிட்ட முன்னாடியே சொல்லிருங்க, மிச்ச மண்ணுல நாலஞ்சு கிண்ணம் கூடுதலா கிள்ளி வச்சு அதையும் சேத்துச் சுடுங்க.

சுத்தம் பண்றதுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கலைன்னா அடுத்த வருஷம் கூப்பிட மாட்டாங்க. கையை நேரா வாஷ் பேசின்ல கழுவ விடாதீங்க, மண்ணு பைப்புல போய் இறுகிரும், முதல்ல ஒரு பக்கெட், அடுத்து ரெண்டாவது பக்கெட், கடைசியா தான் குழாய். பக்கெட் தண்ணியை ராத்திரி அப்படியே விட்டா மண்ணு அடியில படியும், மேல தண்ணியைச் செடிக்கு ஊத்திட்டு மண்ணைத் திரும்ப எடுத்துக்கலாம். தரையில விழுந்து காஞ்சதைத் துடைப்பம் வச்சுப் பெருக்காதீங்க, அந்தத் தூசியில சிலிக்கா இருக்கு, சுவாசிக்கக் கூடாது, ஈரத்துணி தான். அதே காரணத்துக்காக, காஞ்ச கிண்ணத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்குறேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லிருங்க, ஈர ஸ்பான்ஜால வழிச்சாலே விளிம்பு நல்லா வரும்.

கிளம்புறப்போ ஒரு குழந்தை வந்து நீங்க வனைஞ்ச கலயத்தைக் காட்டி "இது எனக்கு வேணும்"னு கேக்கும், மனசு இளகிக் கொடுத்துறாதீங்க, கொடுத்தா மிச்சம் 29 பேர் என்ன பண்ணுவாங்கன்னு யோசிங்க. ஒண்ணு கிளாசுக்குப் பொதுவா ஒண்ணு சுட்டுத் தர்றேன்னு டீச்சர்கிட்ட சொல்லுங்க, இல்ல அவங்க கண்ணு முன்னாடியே எல்லாத்தையும் பக்கெட்ல போட்டுருங்க, போடுற வேலையைக் கேட்ட குழந்தைகிட்டயே கொடுத்தீங்கன்னா அழாது, பாருங்க.